அலுமாரி இறங்கிய ஞாயிறு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வரிடமும் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று, இப்போது என் வேலையைப் பார்க்கும் ரேணுகா கேட்டார். பேச மாட்டேன், எழுதித் தருகிறேன் என்றேன்.

ஹட்டனில் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் நம் சட்ட உதவி அலுவலகத்தில் இருபத்து மூன்று வருடம் குடும்ப விவகாரங்களைப் பார்த்தேன். மனு எழுதுவது, படிவம் நிரப்புவது, எந்த வழக்கு எந்த நீதிமன்றத்துக்குப் போகும் என்பதெல்லாம் இதில் இல்லை. அவற்றை ரேணுகா என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார். நான் ஓய்வு பெற்று ஐந்தாவது மாதம் செய்த ஒரு தவறைப் பற்றியே எழுதுகிறேன். அதை என் மகள் சுகந்தியின் விஷயத்தில் செய்தேன். அவளும் மருமகன் கிருபாவும் இதைப் படித்துவிட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். கிருபா ஒரு வரியை மட்டும் அடித்தார். அது நியாயம்தான்.

முதலில் அலுமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களில் மூன்று பேர் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள், உங்களுக்குத் தெரியும். கொழும்பிலிருந்து வந்திருப்பவருக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் சீர் சாமான் லொறியில் வரும். கட்டில், பாத்திரம் எல்லாம் இருந்தாலும் லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எல்லோரும் பார்ப்பது அலுமாரியைத்தான். கண்ணாடி வைத்ததா, எத்தனை கதவு என்று பேசுவார்கள். அதே அலுமாரி லயத்தை விட்டு வெளியே வந்து லொறியில் ஏறினால் அந்தக் குடும்பம் முடிந்தது என்று அர்த்தம். சாமான் இறக்குவது என்று சொல்வது அதைத்தான். எந்த நீதிமன்றமும் அதை விவாகரத்து என்று ஏற்காது. ஆனால் லயம் ஏற்றுக்கொள்ளும். அதற்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் ஒரு அடி இறங்கி வந்தாலும் ‘சாமானத் தூக்கிட்டுப் போனவங்ககிட்டயா கெஞ்சுறீங்க’ என்று பக்கத்துக் காம்பராக்காரர், அடுத்த வீட்டுக்காரர், கேட்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் வலப்பனைப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பன் வந்தார். மகளின் சாமானை இறக்கப் போகிறோம், பொலிஸ் பாதுகாப்புக்குக் கடிதம் வேண்டும் என்றார். நான் பேனாவைத் திறந்துவிட்டேன். எனக்கு மேலே இருந்த சட்டத்தரணி அம்மா பக்கத்து மேசையிலிருந்து எழுந்து வந்து அவரைக் கேட்டார்.

“பேரப்புள்ளைங்க இருக்காங்களா?”

“ரெண்டு பேருங்க. மருமகன் வீட்டுலதான் இருக்காங்க.”

“அப்ப அதப் பேசுவோம். அலுமாரிக்குக் காலு இருக்கு, ஆனா நடக்காது. எப்ப போனாலும் அங்கயேதான் நிக்கும்.”

அந்தத் தகப்பன் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அந்த வாக்கியத்தை என்னுடையதாக வைத்துக்கொண்டேன். எத்தனையோ தகப்பன்மாரிடம், மாமன்மாரிடம், அண்ணன்மாரிடம் சொல்லியிருக்கிறேன். முதலில் பிள்ளையைப் பற்றிப் பேசுங்கள், சாமான் கடைசி. கேட்டவர்களும் உண்டு. கேட்காமல் லொறி பிடித்தவர்களைப் பார்த்து, இவர்களுக்கு ஏன் இவ்வளவு எளிய விஷயம் விளங்கவில்லை என்று மனதுக்குள் அலுத்துக்கொண்டதும் உண்டு.

இனி என் கதை.

சுகந்தி எனக்கு ஒரே பிள்ளை. அவள் அம்மா இறந்து ஆறு வருடமாகிறது. ஹட்டனில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறாள். கணவர் கிருபா நல்லதண்ணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறவர். தாயாரோடு லயத்தில் இருக்கிறார். முன்னுக்கும் பின்னுக்கும் கட்டி வீட்டைப் பெரிதாக்கியிருக்கிறார். அவர்களுடைய மகள் அபிக்கு ஐந்து வயது.

ஒரு சனிக்கிழமை மதியம் சுகந்தி ஒரு பையோடு வந்தாள். வந்து, முகம் கழுவி, சோறு போட்டுச் சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னாள்.

“அப்பா, நானும் கிருபாவும் பிரியலாம்னு பேசிட்டோம்.”

“அடிச்சாரா?”

“இல்ல.”

“குடிக்கிறாரா?”

“இல்லப்பா.”

“வேற யாராச்சும்…”

“அப்பா, நீங்க என்ன, ஃபோம் நிரப்புறீங்களா?”

உண்மையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். நம் அலுவலகப் படிவத்தின் ஏழாவது கேள்வியிலிருந்து பத்தாவது வரை வரிசையாகக் கேட்டிருக்கிறேன். எதற்கும் ஆம் என்று பதில் வரவில்லை. அவர்கள் இரண்டு பேரும் நல்லவர்கள். மூன்று வருடமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு, பிள்ளையைப் பற்றித் தவிர ஒரு வார்த்தை பேசாமல் வாழ்ந்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது. தீபாவளிக்கு வந்தார்கள், பொங்கலுக்கு வந்தார்கள், இரண்டு பேரும் என் முன்னால் சிரித்தார்கள். மற்றவர்களின் வீட்டுக்குள் நடப்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று பெருமைப்பட்டவன் நான்.

“அபி எங்க?” என்று கேட்டேன்.

“லேசா காய்ச்சல். அத்தகிட்ட இருக்கா. நாளைக்கு எனக்கு அரை நாள் வேல. முடிச்சிட்டு பஸ்ல போயி கூட்டிட்டு வந்துருவேன். கிழமை நாள்ல எங்கிட்ட, சனி ஞாயிறு அவருகிட்ட. பேசிட்டோம். அவரும் சரின்னுட்டாரு.” பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். “நீங்க ஒண்ணும் செஞ்சிராதீங்கப்பா. அவ்வளவுதான் எனக்கு வேணும்.”

இதைவிடத் தெளிவான அறிவுறுத்தலை ஒரு கட்சிக்காரர் எனக்குத் தந்ததில்லை.

நான் சரி என்றேன். ஆனால் உள்ளே ஒன்று பிடித்துக்கொண்டது. வில்லன் இருக்கும் பிரிவு ஒரு தகப்பனுக்கு ஒருவகையில் இலகு. கோபப்படலாம். இங்கே கோபப்பட ஆள் இல்லை. பயம் மட்டும் இருந்தது. நாளைக்கு அவர்கள் மனம் மாறினால்? பிள்ளையைத் தர மறுத்தால்? சுகந்தியின் சான்றிதழ்கள், கல்யாணப் பதிவு, அபியின் பிறப்புப் பத்திரம் எல்லாம் அந்த அலுமாரிக்குள் அல்லவா இருக்கின்றன? அவள் அம்மா தன் சேமிப்பில் வாங்கிக் கொடுத்த அலுமாரி. கண்ணாடிக் கதவில் கீறல் விழாமல் இருக்கத் தன் சேலையைச் சுற்றி அனுப்பினாள். மகளின் வாழ்க்கையைத் தூக்கிக்கொண்டு வந்து பத்திரமாக வைக்க என்னால் முடியாது. அலுமாரியைத் தூக்க முடியும். அந்த நேரம் என் புத்தி வேலை செய்த விதம் அதுதான். அதை நான் சட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை அவள் வேலைக்குப் போனதும் ஒரு சிறிய லொறியையும் இரண்டு ஆட்களையும் பிடித்துக்கொண்டு புறப்பட்டேன். ஒன்பது மணிக்கு லயத்துக்கு முன்னால் போய் நின்றோம். ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லை, வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள், எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். கிருபா மட்டும் இல்லை. மெஷின் ஒன்று பழுதென்று தொழிற்சாலைக்கு அழைத்திருந்தார்கள்.

சம்பந்தியம்மா வாசலுக்கு வந்தார். “வாங்கண்ணே, தேத்தண்ணி போடுறேன்.”

“வேணாம். சுகந்தி சாமானை எடுக்க வந்தேன்.”

அவர் லொறியைப் பார்த்தார். பிறகு வரிசையாக எல்லா வாசல்களையும் பார்த்தார். எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றார்கள்.

“தம்பி ரெண்டு மணிக்கு வந்துரும்ணே. அது வரட்டுமே.”

“எதுக்கு? நாங்க குடுத்ததுதானே.”

அவர் ஒதுங்கி நின்றார். நான் உள்ளே போய் அலுமாரியைத் திறந்தேன். பத்திரங்கள் அங்கே இல்லை. அவற்றை ஏற்கெனவே சுகந்தி பையில் எடுத்து வந்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. இருந்ததில் பாதிக்கு மேல் அபியின் உடுப்பு. நான் அதை அள்ளிக் கட்டிலில் போட்டேன். கம்பளிப் போர்வைக்குள் இருந்து அபி எழுந்து உட்கார்ந்தாள்.

“தாத்தா, என் சட்டையெல்லாம் ஏன் வெளிய போடுறீங்க?”

நான் ஆட்களைப் பார்த்து, மெதுவாகத் தூக்குங்கள், கண்ணாடி கவனம் என்றேன். அலுமாரி வாசலைத் தாண்டும்போது மூன்றாவது காம்பராவிலிருந்து ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம், எனக்குக் கேட்கும்படி சொன்னார்.

“கோட்டுல வேல பாத்தவருல்ல, சட்டப்படிதான் எறக்குவாரு.”

அன்று வேலை முடிந்ததும் சுகந்தி, வீட்டுக்கு வராமலே, பஸ்ஸில் ஏறி லயத்துக்குப் போனாள். தோட்டத்துச் சங்கத் தலைவரும் இன்னும் இரண்டு பெரியவர்களும் வாசலில் இருந்தார்களாம். சாமான் இறங்கிவிட்டது, இனிப் பிள்ளை விஷயத்தைக் கோட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். கிருபா தலையைக் குனிந்து நின்றிருக்கிறார். அபி உள்ளே அழுதது கேட்டதாம். சுகந்தி கடைசி பஸ்ஸில் தனியாக வந்தாள். முன்னறையில் சுவரோடு நின்ற அலுமாரியைப் பார்த்தாள். கத்தவில்லை.

“நான் அபியக் கூட்டிட்டு வர்றதா இருந்துச்சு. நீங்க அலுமாரியக் கூட்டிட்டு வந்துட்டீங்க” என்றாள்.

திங்கள் காலை நம் அலுவலகம் திறக்கும் முன்பே இரண்டு பேரும் படியில் நின்றோம். ரேணுகாவுக்கு முதல் ஒன்றரை வருடம் வேலை பழக்கியவன் நான். அந்த உரிமையில், உட்கார்ந்த உடனேயே ஆரம்பித்தேன். இன்றைக்கே பொலிஸில் ஒரு முறைப்பாடு, நாளைக்கே பிள்ளையைக் கேட்டுக் கட்டுக்காவல் மனு, நான் வாக்குமூலத்தைச் சொல்கிறேன், எழுதுங்கள் என்றேன்.

ரேணுகா பேனாவைத் திறக்கவில்லை. நான் அன்று திறந்தது போலத் திறக்கவில்லை.

“சேர், இதுல நீங்க கட்சிக்காரரா, கட்சிக்காரரோட அப்பாவா?”

“அப்பாதான். ஆனா…”

“அப்ப வெளிய பெஞ்சுல இருங்க சேர். நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க, அப்பா அம்மாவ உள்ள வச்சுக்கிட்டு வாக்குமூலம் எடுக்கக் கூடாதுன்னு.”

வெளியே போய் உட்கார்ந்தேன். இருபத்து மூன்று வருடத்தில் அந்தப் பெஞ்சில் நான் உட்கார்ந்ததே இல்லை. ஒரு கால் சற்றுக் குட்டை, அசைந்தால் ஆடுகிறது. கதவு மூடியிருக்கும். உள்ளே குரல் கேட்கும், சொல் விளங்காது. உங்கள் பிள்ளையின் பெயரை மட்டும் நடுநடுவே கண்டுபிடிப்பீர்கள். அங்கே உட்கார்ந்து என்னைக் கெஞ்சலாகப் பார்த்த முகங்கள் எல்லாம் ஞாபகம் வந்தன. அவர்களை நான் தொந்தரவு என்று நினைத்திருந்தேன். பத்து நிமிடம் கழித்து அலுவலக உதவியாளர் ஒரு கோப்பை தேநீர் கொண்டு வந்து தந்தார். ரேணுகா சொல்லியனுப்பினாராம். நான் யாருக்கும் அப்படிச் சொல்லியனுப்பியதில்லை.

உள்ளே நடந்ததைச் சுகந்தி பிறகு சொன்னாள். ரேணுகா அவளிடம் கேட்டுவிட்டுக் கிருபாவுக்கு ஃபோன் எடுத்திருக்கிறார். உரிமை பற்றியோ வழக்கு பற்றியோ பேச்சை எடுக்கவில்லை.

“அபிக்கு இப்ப காய்ச்சல் எப்படிங்க?” என்று கேட்டிருக்கிறார்.

கிருபா சொல்லத் தொடங்கியிருக்கிறார். காய்ச்சல் விட்டது, இரவு இருமினாள், இடியப்பம் வேண்டாமென்று ரொட்டி கேட்டாள், அம்மா எப்போது வருவாள் என்று கேட்டாள். சுகந்தி பக்கத்தில் இருக்கிறாள் என்று தெரிந்ததும் அவரே சொன்னாராம்.

“புள்ளயக் குடுக்க மாட்டேன்னு நான் சொல்லலங்க. போன கிழமை பேசுனதுதான் இப்பவும். ஆனா மொத்த லயமும் பாக்க அலுமாரிய எறக்கிட்டாங்க. இன்னைக்கு நான் புள்ளயயும் அனுப்புனா, எங்கம்மா நாளைக்கு நாலு பேரு முன்னால தண்ணிக் குழாய்க்குப் போக முடியாது.”

இந்த இடத்தில் மனு போட்டிருக்கலாம். அது தவறில்லை, சில வீடுகளில் அது ஒன்றுதான் வழி. அடி இருக்கும் வீட்டில், பிள்ளைக்கு ஆபத்து இருக்கும் வீட்டில் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். ஆனால் இங்கே இரண்டு பெற்றோரும் ஒரே முடிவில் இருந்தார்கள். நடுவில் நின்றது என் அலுமாரி. மனு போயிருந்தால் அவர்கள் பேசி வைத்திருந்ததும் சேர்ந்து உடைந்திருக்கும்.

சுகந்திதான் வழியைச் சொன்னாள். கதவைத் திறந்து என்னை உள்ளே அழைத்தார்கள். அவள் என்னைப் பார்க்காமல் ரேணுகாவைப் பார்த்துப் பேசினாள்.

“சனி ஞாயிறு அபி அங்கதானே இருக்கப் போறா. அவ உடுப்பு வைக்க ஒரு அலுமாரி வேணும். அது திரும்பிப் போகட்டும்.”

“உங்கம்மா வாங்கினது” என்றேன்.

“அம்மாவோட பேத்திதான் அபி.”

ரேணுகா ஒன்று சேர்த்தார். “போறதுன்னா அதே லொறியில போகணும் சேர். ஞாயித்துக்கெழமை, அதே ஒன்பது மணிக்கு. எல்லாரும் வீட்டுல இருக்கும்போது. எறக்குனத எல்லாரும் பாத்தாங்க, ஏத்துறதையும் பாக்கணும்.”

நீதிபதிகள் முன்னால் எத்தனையோ முறை நின்றவன்தான். ஆனால் அந்த வாரம் முழுக்க, லயத்து வாசல்களுக்கு முன்னால் போய் நிற்பதை நினைத்துப் பயந்தேன். அலுமாரியை உள்ளே விட மறுத்தால்? அபி என்னிடம் வர மறுத்தால்? இரண்டாவது கேள்விதான் என்னை வாட்டியது.

ஞாயிறு காலை, ஏற்றி இறக்கி அலுத்த லொறிச் சாரதி கேட்டார், “ஐயா, அலுமாரிக்கு சீசன் டிக்கட் எடுத்துருவமா?” சுகந்தி சிரித்தாள். அந்த எட்டு நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

லொறி நின்றதும் மறுபடி எல்லா வாசலிலும் ஆட்கள். மூன்றாவது காம்பராக்காரர் விடவில்லை.

“என்னங்கய்யா, கோட்டு தீர்ப்ப மாத்திருச்சா?”

“அப்பீல்ல தோத்துட்டேன் தம்பி” என்றேன். “ஒரு கை புடிங்க.”

அவர் இறங்கி வந்து பிடித்தார். பக்கத்துக் காம்பராவிலிருந்து இன்னொருவரும் வந்தார். கிருபா முன்பக்கத்தைப் பிடித்தார், நான் பின்பக்கம். வாசலில் சம்பந்தியம்மா நின்றார். அவரைப் பார்த்துச் சொன்னேன்.

“தங்கச்சி, போன ஞாயித்துக்கெழமை தேத்தண்ணி வேணாம்னுட்டேன். இன்னைக்குக் குடுங்க.”

அவர் அடுப்படிப் பக்கம் திரும்பினார். “சீனி போடலாமாண்ணே, இல்ல இப்ப சீனி வருத்தம் கிருத்தம் இருக்கா?” என்று கேட்டார்.

“போடுங்க.”

அலுமாரி பழைய இடத்தில் நின்றது. தரையில் அதன் நான்கு கால்களின் தடம் அப்படியே இருந்தது. அபி ஒரு மூலையில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் வரவில்லை. நான் கட்டிலில் இருந்த அவளுடைய சட்டைகளில் ஒன்றை எடுத்து மடித்து உள்ளே வைத்தேன். மடித்தது சரியில்லை என்று அவளே வந்து வாங்கி மறுபடி மடித்தாள். பிறகு, இது இங்கே, இது ஹட்டனுக்கு என்று பிரிக்கத் தொடங்கினாள். பிடித்ததை எல்லாம் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக வைத்தாள். ஒரே ஒரு மஞ்சள் சட்டைதான் எந்தப் பக்கம் என்று தெரியாமல் கையில் இருந்தது. கிருபா குனிந்து, “போட்டுக்கிட்டே போ” என்றார்.

இப்போது விவாகரத்து வழக்கு நடக்கிறது. தோட்டத்தில் சிலர் செய்வது போலத் தலைவர் முன்னால் எழுதும் கடிதத்தால் கல்யாணம் முறியாது, நீதிமன்றத்தில்தான் முடியும் என்பதை ரேணுகா இரண்டு பேருக்கும் விளக்கினார். பிள்ளை விஷயத்தில் பேசியதையும் எழுதி அங்கேயே கொடுத்திருக்கிறார்கள். அடுத்த தவணைக்கு நானும் போவேன், வெளியே பெஞ்சில் இருப்பேன். வெள்ளி மாலைகளில் கிருபா அபியைக் கூட்டிப் போக வரும்போது, அவரும் சுகந்தியும் வாசலில் நின்று பேசுகிறார்கள். ஒரு தடவை இரண்டு பேரும் சிரித்ததுகூடக் கேட்டது. சேரப் போகிறார்களோ என்று என் மனம் ஓடியது. அதை இழுத்துப் பிடித்து நிறுத்தினேன். அது என் வேலை இல்லை.

உங்களிடம் வரும் தகப்பன்மார், தாய்மார் பலர் என்னைப் போல லொறி பிடிக்கத் துடித்துக்கொண்டு வருவார்கள். அவர்களை முட்டாள்கள் என்று நினைக்காதீர்கள். உள்ளே விடாதீர்கள், ஆனால் தேநீர் கொடுங்கள். அந்தப் பெஞ்சின் காலையும் யாராவது சரிசெய்யுங்கள்.

அன்று திரும்பும்போது அபி எனக்கும் சுகந்திக்கும் நடுவில் லொறியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் சட்டை, மடியில் பை. தோட்டத்துப் பாதை முடிந்து பெரிய ரோட்டில் ஏறியதும் கேட்டாள்.

“தாத்தா, அடுத்த ஞாயித்துக்கெழமையும் அலுமாரி வருமா?”

“வராது” என்றேன். “அது இனி அங்கயேதான் நிக்கும். நீதான் வருவ, போவ.”

அவள் யோசித்தாள். பிறகு பையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, என் மேல் சாய்ந்து தூங்கிப்போனாள்.